ஒற்றையடிப் பாதையில் ஒரு சைக்கிள்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும். எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, உன் வேலையைப் பத்தி மட்டும் பேசாதே. ஒரு தடவை ஒருத்தர் எழுபது ஸ்லைடு போட்டார், திரும்பிப் பார்த்தா பாதி ஹால் சாப்பிடப் போயிடுச்சு" என்றார். அதனால் ஸ்லைடு இல்லை. சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். கடைசியில் கொஞ்சம் மெக்கானிக்ஸும் உண்டு. அப்ளைடு மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவர்கள் பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் குரங்குப் பெடலில் சைக்கிள் பழகியவர்கள். வாடகை சைக்கிள், ஒரு மணி நேரக் கணக்கு, முழங்காலில் சிராய்ப்பு, வீட்டில் திட்டு. பழகும்போது ஒரு அதிசயம் நடக்கும், ஞாபகம் இருக்கிறதா? மைதானம் முழுக்கக் காலியாக இருக்கும். நடுவில் ஒரே ஒரு வேப்ப மரம் நிற்கும். நேராகப் போய் அதில்தான் மோதுவோம். ஏன் என்றால், "மரத்தில் மோதக் கூடாது, மோதக் கூடாது" என்று அதையே பார்த்துக்கொண்டு ஓட்டுவோம். கண் போகிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். இன்றைக்கு நான் சொல்லப் போகிற விளையாட்டின் முதல் பாடமும் இதுதான்.

மலை சைக்கிள், அதாவது மவுன்டன் பைக், கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டியில் பிறந்தது. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் பழைய, கனமான, குண்டு டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை மேல் ஏற்றிக்கொண்டு போய், மண் பாதையில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி முதல் முறையாக நேரம் குறித்துப் பந்தயம் வைத்தார்கள். ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். அந்தப் பந்தயத்துக்குப் பெயர் 'ரீபேக்'. காரணம் கேட்டால் நம்ம ஒர்க்‌ஷாப் மாஸ்டருக்குப் பிடிக்கும். அந்த சைக்கிள்களுக்குப் பின் சக்கர ஹப்புக்குள்ளேயே பிரேக். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் உள்ளே இருக்கிற கிரீஸ் எல்லாம் சூட்டில் புகைந்து போய்விடும். ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் 'பேக்' பண்ண வேண்டும். அதனால் ரீபேக்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ. 1,300 அடி என்றால் சுமார் 400 மீட்டர். எம்.ஜி.எச். போட்டால் ஏறக்குறைய 390 கிலோ ஜூல். இவ்வளவும் பிரேக்குக்கே போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றேகால் லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். ஒரு மேஜைக்கு டீ தயார். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஹப்புக்குள் அவ்வளவு வெப்பம் போனால் கிரீஸ் என்ன ஆகும், சொல்லுங்கள்?

அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ ப்ரீஸ் 1977-ல் இதற்கென்றே தனியாக ஒரு ஃப்ரேம் செய்தார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி எல்லாம் அந்த வட்டாரத்து ஆட்கள்தான். 1981-ல் 'ஸ்பெஷலைஸ்டு' கம்பெனியின் 'ஸ்டம்ப்ஜம்பர்' கடைகளுக்கு வந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் மலை சைக்கிள் பந்தயம் சேர்ந்துவிட்டது. பழைய இரும்புக் கடைச் சரக்கில் ஆரம்பித்து ஒலிம்பிக்ஸுக்குப் போக இருபது வருஷம். மோசமில்லை.

இதில் ரொம்ப ருசியான பகுதி, ஆங்கிலத்தில் 'சிங்கிள் டிராக்' என்று சொல்லப்படுகிற ஒற்றையடிப் பாதை. நமக்குப் புதிதில்லை. வயல் வரப்பும் மலையடிவாரத்து ஆட்டுத் தடமும் அதே ஜாதிதான். ஒரு ஆள் போகிற அகலம். இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. பக்கத்தில் ஒருத்தர் வந்து கையைப் பிடிக்கவும் முடியாது.

நான் வேலை நிமித்தமாக அமெரிக்காவில் இருந்த வருஷங்களில் பல முறை போன இடம் யூட்டா மாநிலத்தில் உள்ள மோவாப். கொலராடோ ஆற்றங்கரையில் சின்ன ஊர். சுற்றிலும் செம்பாறைப் பாலைவனம். 1952-ல் சார்லி ஸ்டீன் என்கிற ஜியாலஜிஸ்ட் பக்கத்தில் யுரேனியம் கண்டுபிடித்ததும் ஊருக்கு யோகம் அடித்தது. 1980-களில் யுரேனியத்துக்கு மவுசு போய், சுரங்கத் தொழில் படுத்துவிட்டது. அதே பத்து வருஷத்தில்தான் சைக்கிள்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அங்கே 'ஸ்லிக்ராக்' என்று ஒரு பாதை. 1969-ல் மோட்டார் சைக்கிளுக்காக அடையாளம் போட்டது. வழுக்குப் பாறை என்று அந்தக் காலத்தில் பெயர் வைத்தது குதிரைகளை வைத்து. இரும்பு லாடம் அந்தப் பாறையில் வழுக்கும். ரப்பர் டயருக்கோ அது உப்புத்தாள் மாதிரி. அப்படிப் பிடிக்கும்.

நான் சொல்ல வந்தது அதைவிட நீளமான ஒரு பாதை. 'ஹோல் என்சிலாடா' என்று பெயர். என்சிலாடா என்பது ஒரு மெக்சிகோ பலகாரம். 'முழு விருந்து' என்று வைத்துக்கொள்ளலாம். லா சால் மலைத்தொடரில் பர்ரோ பாஸ் என்கிற கணவாயில் ஆரம்பம், ஏறக்குறைய 11,000 அடி உயரம். முடிவு, கொலராடோ ஆற்றங்கரையில், சுமார் 4,000 அடியில். நடுவில் முப்பது மைல் அளவு தூரம். இறக்கம் எவ்வளவு என்று பிடிபட வேண்டுமானால், தொட்டபெட்டா உச்சியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் தார் ரோடு இல்லாமல் இறங்குகிற மாதிரி. மேலே ஊசியிலைக் காடும் ஆஸ்பென் மரங்களும். சில வருஷம் ஜூன் கடைசி வரைக்கும் கணவாயில் பனி கிடக்கும். அடுத்து குட்டை ஓக் புதர். பிறகு பைன், ஜூனிபர். கடைசியில் வெறும் பாறையும் மணலும். ஒரே நாளில் குளிரில் ஆரம்பித்து வெயிலில் முடிக்கிறோம்.

கீழ்ப் பகுதிக்கு 'பார்க்குபைன் ரிம்' என்று பெயர். முள்ளம்பன்றி விளிம்பு. பெயருக்கு ஏற்ற இடம். இடது பக்கம் பாறை மேடு. வலது பக்கம் எட்டிப் பார்த்தால் காசில் பள்ளத்தாக்கு, பல நூறு அடி கீழே. தரை சமமாக இருக்காது. மணற்பாறை படி படியாக உடைந்து கிடக்கும். ஒரு படி அரை அடி, ஒரு படி ஒன்றரை அடி, சிலது இரண்டு அடிக்கு மேலே. அடுத்தடுத்து, மைல் கணக்கில்.

பனிச்சறுக்கு மைதானங்களில் இருக்கிற மாதிரி சைக்கிள் பாதைகளுக்கும் அடையாளம் உண்டு. பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டைமண்ட் கடினம், இரட்டைக் கறுப்பு டைமண்ட் மிகக் கடினம். பார்க்குபைன் ரிம் கறுப்பு வகை. போர்டு அவ்வளவுதான் சொல்லும். உன்னால் முடியுமா என்று போர்டு சொல்லாது.

இப்போது கணக்கு. சைக்கிளும் ஆளும் சேர்ந்த ஈர்ப்பு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில், முன் சக்கரம் தரையைத் தொடுகிற புள்ளிக்கு 0.6 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைப்போம். 0.6-ஐ 1.1-ஆல் வகுத்து டேன் இன்வர்ஸ் எடுத்தால் சுமார் 29 டிகிரி. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் இறங்கினால், சரிவு 29 டிகிரி ஆகும்போது பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். 20 டிகிரி சரிவில் நிற்கிறீர்கள் என்றால் கையில் மிச்சம் இருப்பது 9 டிகிரி. ஒரு கல், ஒரு குலுக்கல், போதும்.

சீட்டைத் தாழ்த்தி, பெடல் மேல் எழுந்து நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளினால், உயரம் 0.9 மீட்டராகவும் தூரம் 0.75 மீட்டராகவும் மாறுகிறது என்று வைப்போம். இப்போது 40 டிகிரி. அதே 20 டிகிரி சரிவில் மிச்சம் 20 டிகிரி. சேஃப்டி மார்ஜின் இரண்டு மடங்குக்கு மேலே! இதனால்தான் இந்தக் காலத்து மலை சைக்கிளில் ஹேண்டில்பாரில் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் சீட்டு ஒரு சாண் கீழே போகும்.

சரி, பிரேக்கை முழுதாக விட்டுவிட்டால்? முன் சக்கரத்தில் பின்னோக்கி இழுக்கிற விசை இல்லை. அதனால் ஆளைத் தலைகீழாகக் கவிழ்க்கிற திருப்புத்திறனும் போய்விடுகிறது. உருளுகிற சைக்கிள் வேகம் பிடிக்கும், ஆனால் கவிழாது. அப்படியானால் ஒரு படியில் இறங்குகிற சூத்திரம் என்ன? வேகத்தைப் படிக்கு முன்னாலேயே குறைத்துக்கொள். படியின் விளிம்பில் பிரேக்கை விடு. உருண்டு இறங்கு. சமதளம் வந்ததும் மறுபடி பிடி.

கேட்க சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதற்குள் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. விளிம்பில் பிரேக்கை விட்டாகிவிட்டது என்றால் அப்புறம் மனசு மாற்றிக்கொள்ள இடம் இல்லை. பாதி வழியில் பயம் வந்து முன் பிரேக்கைப் பிடித்தால், எந்த இடத்தில் மார்ஜின் மிகக் குறைவோ அந்த இடத்தில் பிடிக்கிறோம். ஓட்டுவது ஆபத்தில்லை, இறங்கி நடப்பதும் ஆபத்தில்லை. பாதி முடிவுதான் ஆபத்து.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஒரு வருஷம் அக்டோபரில் ஆறு பேர் போனோம். எங்களோடு ஒரு பையன், இருபத்தைந்து வயசு, எங்க ஆபீஸ்தான், நல்ல உடல் கட்டு, ஏற்றத்தில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவான். பார்க்குபைன் ரிம்மில் ஒரு பெரிய படி. இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். அவன் மேலே நின்று பார்த்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவனுக்குச் சம்மதம் இல்லை. "நடந்து வா, பரவாயில்லை" என்று ஒருத்தர் சொன்னார். கீழே நின்றவர்கள் "வா, வா, ஒண்ணும் ஆகாது" என்று கை தட்டினார்கள். கை தட்டல் ஜெயித்தது. வந்தான். முன் சக்கரம் விளிம்பைத் தாண்டிய அந்த நொடியில் விரல் பிரேக்கை இறுக்கிவிட்டது. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து தோளில் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது.

ஹெல்மெட் விரிசல் விட்டிருந்தது. தலைக்கு ஒன்றும் இல்லை. ஸ்பேர் டியூபையும் ஒரு சட்டையையும் வைத்துத் தூளி கட்டினோம். செல்போனில் சிக்னல் இல்லை. ஒருத்தரை முன்னால் அனுப்பிவிட்டு, இரண்டு பேர் அவனுக்கு முன்னும் பின்னும் நடந்தோம். மற்ற இருவர் மூன்று சைக்கிள்களை மாற்றி மாற்றித் தள்ளினார்கள். அகலமான பாதையாக இருந்தால் தோளோடு அணைத்துக் கூட்டிப் போகலாம். ஒற்றையடிப் பாதையில் அதுவும் முடியாது. ஆற்றங்கரை ரோட்டுக்கு வர மூன்று மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படிக்கும் அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. பையன் இப்போது நன்றாக இருக்கிறான், மறுபடி ஓட்டுகிறான். ஆனால் அந்த மூன்று மணி நேரமும் கை தட்டினவர்கள் யாரும் பேசவில்லை.

இன்னொரு வருஷம், அதே பாதையில் கொஞ்சம் மேலே. 'ஸ்னாட்ச்' என்று ஒரு இடம். பாறைப் பிளவு ஒன்றின் வழியாகச் செங்குத்தாக இறங்க வேண்டும். தேர்ந்த ஆட்களே நின்று யோசிக்கிற இடம். அங்கே ஒரு அம்மாள் எங்களைத் தாண்டி வந்தார். அறுபது வயசு தாண்டியிருக்கும். அதற்கு முந்தின படிகளில் எல்லாம் தண்ணீர் மாதிரி இறங்கி வந்தவர். பிளவுக்கு முன்னால் நிறுத்தினார், இறங்கினார், சைக்கிளைத் தோளில் போட்டார், நிதானமாக நடந்து கீழே போனார், ஏறி உட்கார்ந்தார், போய்விட்டார். அரை நிமிஷம் கூட ஆகவில்லை. முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. சாயங்காலம் ஊரில் டாக்கோ கடையில் அவரைப் பார்த்தபோது கேட்டேன். "இருபது வருஷமா இங்கே ஓட்டறேன். அந்த இடத்தை நடக்கிறதுன்னு வீட்டிலேயே முடிவு பண்ணிட்டு வருவேன். மத்த படிகளை ஓட்டறதுன்னும் அங்கேயே முடிவு" என்றார். எனக்கு அந்த ஊரில் கிடைத்த பெரிய பாடம் அதுதான்.

அதற்கப்புறம் எங்கள் கோஷ்டியில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். புதுப் படி வந்தால் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு நடந்து கீழே போய்ப் பார்க்க வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் எல்லாப் படியும் கிணறு மாதிரி தெரியும். கீழேயிருந்து பார்த்தால் சில படி திண்ணை மாதிரி இருக்கும். எந்தக் கல்லின் மேல் முன் சக்கரம் விழ வேண்டும், விழுந்த பிறகு ஓடி நிற்க எவ்வளவு இடம், இரண்டும் பார்க்க வேண்டும். பிறகு மேலே வந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "ஓட்டறேன்" அல்லது "நடக்கிறேன்". சொன்ன பிறகு யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. கை தட்டுவது கீழே வந்து சேர்ந்த பிறகு மட்டும்.

சிவில் நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஷட்டரிங், கம்பி, மிக்ஸர், ஜெனரேட்டர், வானம், எல்லாவற்றையும் நூறு தடவை பாருங்கள், வேண்டாம் என்று தோன்றினால் நாளைக்குப் போடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் ஆரம்பித்துவிட்டுப் பாதி ஸ்லாபில், நினைத்த இடத்தில் நிறுத்தினால்? கோல்ட் ஜாயின்ட். அந்த இடத்தில்தான் மழைக்கு ஒழுகும். சைக்கிளில் முன் பிரேக் எப்படியோ அப்படி.

நம்ம ஆட்களிடம் ஒரு வார்த்தை உண்டு. ஹாஸ்டலில் கற்றுக்கொண்டோம், சைட்டுக்கும் ஆபீஸுக்கும் கொண்டு போனோம். "பார்த்துக்கலாம்!" பரீட்சையா, பார்த்துக்கலாம். டெண்டரா, பார்த்துக்கலாம். வெல்டிங் டெஸ்ட் ரிப்போர்ட் வரவில்லையா, பார்த்துக்கலாம். தைரியமான வார்த்தைதான், நிறைய பேருக்குச் சோறும் போட்டிருக்கிறது. ஆனால் "போய்ப் பார்த்துக்கலாம்" என்பதற்கும் "பார்த்துட்டுப் போகலாம்" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள். வார்த்தைகள் அதேதான், வரிசைதான் மாறுகிறது. அந்த வரிசை மாறினதுக்கு விலை ஒரு காறை எலும்பு. சில சைட்டுகளில் அதைவிட அதிகம்.

"இவ்வளவு ஆபத்து இருக்கிறதே, இதெல்லாம் உனக்குத் தேவையா?" என்று எங்க அம்மா கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் சொல்கிற பதில் இது. நாள் முழுக்க ஒரு விஷயத்தில் மட்டும் முழுக் கவனமாக இருக்கிற வாய்ப்பு நம் வயசுக்காரர்களுக்கு எங்கே கிடைக்கிறது? அந்தப் பாதையில் பத்து அடிக்கு முன்னால் இருக்கிற கல்லைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாது. நினைத்தால் அந்தக் கல் ஞாபகப்படுத்தும். தியானத்துக்கு உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வரும். இங்கே தூங்க முடியாது.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஹெல்மெட், முழங்கால் கவசம் இரண்டும் கட்டாயம். தண்ணீர் நினைத்ததைவிட இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்குபைன் ரிம்மில் குழாய் கிடையாது, நிழலும் அபூர்வம். தனியாகப் போகாதீர்கள். பாதையை விட்டு மண்ணில் இறங்காதீர்கள். அந்தப் பாலைவன மண்ணின் மேலே கறுப்பாக ஒரு பொருக்கு படர்ந்திருக்கும். பாசி, லைக்கன், நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்த உயிருள்ள தோல் அது. மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு முறை மிதித்தால் தேற எத்தனையோ வருஷம் ஆகும். நடந்து இறங்குவதாக இருந்தாலும் பாறை மேல் நடந்தே இறங்க வேண்டும்.

அமெரிக்கா போகத் தேவையில்லை. நாளைக்குக் காலையில் நம்ம காலேஜ் கிரவுண்டுக்குப் பின்னால் இருக்கிற மண் சரிவிலேயே ஆரம்பிக்கலாம். சீட்டைத் தாழ்த்துங்கள், எழுந்து நில்லுங்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். மரத்தைப் பார்க்காதீர்கள். தொப்பை ஈர்ப்பு மையத்தை முன்னால் தள்ளும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியாகப் படவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். நான் கை தட்ட மாட்டேன், கீழே டீயோடு காத்திருப்பேன்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார்.